தெற்கே போன வண்டி

அத்தியாயம் – 11

சனிக்கிழமை காலை, இன்னொரு கம்பளி தேடித்தான் லோட்டி டிரெய்லர் வீட்டின் படுக்கைப் பலகையைத் தூக்கினாள்.

இரவு முழுக்க ஹூரான் ஏரியின் காற்று டிரெய்லரின் தகரத்தைப் பிடித்து உலுக்கியிருந்தது. கால் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. வெளியே அவள் கணவன் காஸ், கேஸ் அடுப்பில் உருளைக்கிழங்கையும் கெல்பாசா இறைச்சித் துண்டுகளையும் வதக்கிக்கொண்டிருந்தான். இறைச்சியின் பூண்டு வாசனை உள்ளே வரை வந்தது.

கம்பளி இருந்தது. கம்பளிக்குக் கீழே வேறு சிலவும் இருந்தன.

பீன்ஸ் டின்கள். இறைச்சி டின்கள். தண்ணீர் நிரப்பி இறுக மூடிய கேன்கள். பேட்டரிகள், மெழுகுவர்த்திக் கட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று குளிர்காலக் கோட்டுகள். ஒன்று அவளுடையது, ஒன்று காஸுடையது, பச்சை நிறக் கோட்டு மகள் பெர்னியுடையது. அந்தப் பச்சைக் கோட்டின் மடிப்புக்குள், கல்யாணமான நாளிலிருந்து வீட்டுச் சுவரில் தொங்கிய மாதா படம்.

லோட்டி பலகையை மெதுவாக இறக்கிவிட்டு வெளியே போனாள்.

"காஸ்."

"ரெண்டு நிமிஷம். கொஞ்சம் முறுகட்டும்."

"ரெண்டு நாள் தங்கிட்டுப் போக வந்தவன் மாதா படத்த எதுக்கு எடுத்துட்டு வந்த?"

கிழங்கைக் கிளறிய கரண்டி அப்படியே நின்றது.

திங்கட்கிழமை இரவு ஜனாதிபதி டிவியில் பேசியதிலிருந்து காஸ் ஸரெம்பாவின் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கியூபாவில் ரஷ்ய ஏவுகணைகள். கடலில் அமெரிக்கக் கப்பல்களின் முற்றுகை. லோட்டி வேலை பார்க்கும் பேக்கரியில் மதியத்துக்குள் அலமாரி காலி. ஒரு ரொட்டி வாங்குகிறவர்கள் கை கொள்ளாமல் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வாரத்தில்தான் காஸ், "நம்ம கல்யாண நாளுக்கு ஏரிக்கரைக்குப் போவோம், சனி ஞாயிறு மட்டும்" என்றான். ஒரே மகள் பெர்னி வரவே மாட்டேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டதும், அவள் விரும்புகிற வெர்னன் விமானப்படையில் இருப்பதும், அந்தப் பையனின் பெயரைச் சொன்னாலே காஸுக்கு முகம் சிவந்துவிடும் என்பதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை பெர்னியை அவள் அத்தை ஸ்டெஃப்கா வீட்டுக்குப் போய் இருக்கச் சொல்லிவிட்டு, பிக்கப் வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு இவர்கள் இருவரும் மட்டும் டெட்ராய்ட்டிலிருந்து வடக்கே கிளம்பி வந்திருந்தார்கள்.

"பாத்துட்டியா?" என்றான் காஸ்.

"பாக்காம? உள்ள ஒரு மளிகைக் கடையே வெச்சிருக்கியே."

"கொஞ்ச நாள் இங்க இருப்போம் லோட்டி. என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் போவோம்."

"திங்கக்கெழமை காலைல நான் பேக்கரி தொறக்கணும்."

"திங்கக்கெழமை பேக்கரி இருக்குமான்னு யாருக்குத் தெரியும்?"

அவன் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவனோ, மழை வருமா என்று கேட்பவனைப் போலச் சாதாரணமாகச் சொன்னான். 

"கல்யாண நாள்னு சொன்னது பொய்யா?"

"அதுவும் நெசந்தான்."

"நல்லா இருக்கு. இத்தன வருஷத்துல ஒரு பூ வாங்கித் தந்ததில்ல. இந்த வருஷம் பீன்ஸ் டின்னு."

காஸின் உதடு ஒரு பக்கமாக லேசாக நெளிந்தது. சிரிப்பு வருவதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள்.

"பெர்னி?"

"கூப்பிட்டேன்ல? கதவுக்கு வெளிய நின்னு கெஞ்சினேன்ல?"

"கெஞ்சினியா? 'அந்தப் பய மூஞ்சியில முழிக்காத'ன்னு கத்துறதுக்குப் பேரு கெஞ்சறதா?"

"கோட்டு எடுத்துட்டு வந்தேனே. கடைசி நிமிஷத்துலயாவது வண்டில ஏறுவான்னு நெனச்சேன்."

"ஏறலையே. ஏறாதவள அங்க விட்டுட்டு நாம இங்க டின்னு பிரிச்சு சாப்பிடணுமா?"

"ரெண்டு பேராவது மிஞ்சுவோம்."

"அவ இல்லாம மிஞ்சி என்ன பண்றது காஸ்?"

அவன் அடுப்பை அணைத்தான். கிழங்கு அடிப்பிடித்துப் போயிருந்தது.

அந்த ஏரிக்கரை முகாமில் அவர்களைத் தவிர ஒருவரும் இல்லை. கோடையில் இங்கே டிரெய்லர் நிறுத்த இடம் கிடைக்காது. குழந்தைகள் கூச்சல், கறி சுடும் புகை. அக்டோபர் கடைசியில் பிர்ச் மரங்கள் மொட்டையாக நின்றன. குழாய்களை மூடிவிட்டார்கள். ஏரி ஈயம் போல் கிடந்தது.

காஸ் வண்டிக் கதவைத் திறந்து வைத்து ரேடியோவைத் திருகினான். மாஸ்கோவிலிருந்து புதிதாக ஒரு நிபந்தனை வந்திருக்கிறதாம். துருக்கியில் இருக்கும் அமெரிக்க ஏவுகணைகளை எடுத்தால்தான் கியூபாவில் இருப்பதை எடுப்பார்களாம். செய்தி வாசித்தவர் இரண்டு இடத்தில் தடுமாறினார். லோட்டிக்கு அதுவே பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரல் தடுமாறி அவள் கேட்டதில்லை.

"கேட்டியா? இதெல்லாம் வெட்டிப் பயம்னு சொல்வியே."

"நான் எப்ப சொன்னேன்? எனக்கும் பயந்தான். பயமா இருக்கறதாலதான் என் பொண்ணுகிட்டப் போகணும்ங்கறேன். நீ பயமா இருக்கறதால அவள விட்டுட்டு ஓடியாந்திருக்க."

சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. காஸின் கழுத்து சிவந்தது. அவன் வாயைத் திறந்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் மரங்களுக்குப் பின்னால் இடி உருளுவதுபோல் இருந்தது. பிறகு அடுப்பின் மேலிருந்த தட்டுகள் தாமாகவே கிலுகிலுத்தன. லோட்டி நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது மர உச்சிகளைத் தாண்டி வந்துவிட்டது. அவ்வளவு பெரிய விமானத்தை அவள் வாழ்நாளில் கண்டதில்லை. இறக்கைகளுக்கடியில் எட்டு என்ஜின்கள். கறுப்புப் புகையை இழுத்துக்கொண்டு அவர்கள் தலைக்கு மேலே ஏரியை நோக்கிப் போனது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் மற்றொன்று.

காதைப் பொத்திக்கொண்டு அவள் திரும்பியபோது காஸைக் காணவில்லை.

அவன் மணலில் குப்புறக் கிடந்தான். இரண்டு கைகளும் பிடரியைக் கவ்வியிருந்தன. நாற்பத்தாறு வயது, தொழிற்சாலையில் கார் கூடுகளுக்கு வெல்டிங் வைப்பவன், சண்டையென்றால் முன்னால் போய் நிற்பவன், முகத்தை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தான்.

சத்தம் ஏரிக்கு அப்பால் தேய்ந்து மறைந்தது. அவன் எழவில்லை.

லோட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முதுகில் கை வைத்தாள். சட்டை நனைந்திருந்தது, அந்தக் குளிரிலும்.

"போயிடுச்சு. நம்ம விமானந்தான். எழுந்திரு."

"இங்கயும் இருக்கா?" அவன் குரல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. "இங்க இருக்கற விமானத் தளத்துல முன்ன சின்னச் சின்ன சண்டை விமானந்தானே இருந்துச்சு. இந்த குண்டு போடற விமானம் எப்ப வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? போன வருஷம் நாம இங்க வரவே இல்லையே."

அவன் எழுந்து உட்கார்ந்தான். மீசையில் மணல். அதைத் தட்டக்கூட இல்லை.

"அப்போ இதுவும் ரஷ்யாக்காரங்க கணக்குல இருக்கும்" என்றான். "டெட்ராய்ட்டுக்கு முன்னாடி குண்டு இங்கதான் விழும்."

பிறகு வெகு நேரம் அவன் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். லோட்டி, அவனே பேசட்டும் என்று காத்திருந்தாள்.

"போர் முடிஞ்சப்போ ஜப்பான்ல சசேபோ துறைமுகத்துல இருந்தேன்னு சொன்னேன்ல?"

"படகு ரிப்பேர் பண்ணிட்டு இருந்தேன்னு சொன்ன."

"படகு ரிப்பேர்லாம் அப்புறம். முதல்ல எங்களக் கொண்டுபோய் எறக்கினது நாகசாகில."

லோட்டி அவன் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவன். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"செத்தவங்களப் பத்தி நான் சொல்லப்போறதில்ல" என்றான் காஸ். "நாங்க போறதுக்குள்ள அதெல்லாம் அள்ளிட்டாங்க. அங்க ஒரு தொழிற்சாலை இருந்துச்சு. நம்ம பிளாண்ட் மாதிரியே. அதே தூணு, அதே உத்தரம். நான் தெனம் வெல்டிங் வைக்கிறேனே, அத விடக் கனமான இரும்பு. மொத்தமும் ஒரே பக்கமா சாஞ்சு கெடந்துச்சு லோட்டி. காத்துல கோதுமை சாயுமே, அப்படி. இரும்பு சாயும்னு எனக்கு அன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"சரி காஸ். போதும்."

"ஒரு பொம்பள. வீடு இல்ல, சுவரு இல்ல, தரை மட்டும் இருக்கு. அவ அந்தத் தரையப் பெருக்கிட்டு இருந்தா. நாங்க துப்பாக்கியோட அந்தப் பக்கமாப் போறோம். நிமிந்து கூடப் பாக்கல. சாயங்காலம் திரும்பி வரோம், இன்னும் பெருக்கிட்டு இருக்கா."

அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான்.

"திங்கக்கெழமை ராத்திரி டிவி பாத்தப்பறம் நீ என்ன பண்ண தெரியுமா? சமையக்கட்டுக்குப் போயி தரையப் பெருக்கின. எனக்கு அப்பவே முடிவாயிடுச்சு, உன்ன அந்த ஊர்ல விடக்கூடாதுன்னு."

லோட்டி அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஓடியாந்திருக்க என்று சற்று முன் சொன்னது அவளையே சுட்டது.

"இத ஏன் பெர்னிகிட்ட சொல்லல? வெர்னன் மேல உனக்கு என்ன கோவம்னு அவளுக்குப் புரிஞ்சிருக்குமே."

"அந்தப் பையன் மேல கோவம்லாம் இல்ல. அவன் போட்டிருக்கற யூனிஃபார்மப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்குது."

"எழுந்திரு. ஹில்மா கடைக்குப் போயி பெர்னிக்கு போன் பண்ணுவோம். பஸ் ஏறச் சொல்லுவோம். எங்க இருந்தா என்ன, மூணு பேரும் ஒண்ணா இருப்போம்."

அவன் மறுக்கவில்லை. எழுந்து போய் வண்டியிலிருந்து டிரெய்லரின் கொக்கியைக் கழற்றினான். இருவரும் வண்டியில் ஏறினார்கள்.

ஹில்மா கடை, முகாம் சாலை நெடுஞ்சாலையில் சேரும் முனையில் இருந்தது. தூண்டில் புழு, மண்ணெண்ணெய், காபி, சுவரில் ஒரு காசு போடும் டெலிபோன். ஃபின்லாந்துக்காரி, புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். மோட்டார் படகைக்கூடத் தனியாகக் கரைக்கு இழுத்துவிடுவாள்.

"ஸரெம்பா! இந்தக் குளிர்ல மீன் பிடிக்கவா வந்தீங்க? மீனுக்கே ஜன்னி கண்டிருக்கும்."

"அந்தப் பெரிய விமானம் எப்பலேருந்து ஹில்மா?" என்றான் காஸ்.

"ஆஸ்கோடா பக்கத்துத் தளத்துலயா? போன வருஷம் வந்து எறங்கிச்சு. இந்த வாரம் ராத்திரி பகல் கெடையாது. என் கோழிங்க முட்ட போடறதயே நிறுத்திடுச்சுங்க." கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டே அவள் காஸின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஓ. நீங்க தப்பிச்சு வந்திருக்கீங்க, இல்ல?"

காஸ் காபியை வாங்கிக்கொண்டான்.

"வேடிக்கையா இருக்கு போங்க. அங்கேருந்து நீங்க இங்க ஓடி வரீங்க. இங்கேருந்து என் தங்கச்சி டெட்ராய்ட்டுக்கு ஓடிட்டா, புதன்கெழமை. வழியில ரெண்டு பேரும் கையாட்டிக்கிட்டீங்களா?"

லோட்டிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹில்மா டெலிபோனுக்குச் சில்லறை எடுத்து நீட்டினாள்.

லைன் கிடைக்கவில்லை. எல்லாத் தடங்களும் நிரம்பியிருக்கின்றன, கொஞ்சம் பொறுத்து முயலுங்கள் என்றாள் டெலிபோன் பெண். நாடே யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது. லோட்டி வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். காபி ஆறியது. சலித்துப்போய் வண்டிக்குத் திரும்பலாமா என்று நினைத்த வேளையில் மணி அடித்தது, ஸ்டெஃப்காவின் குரல் வந்தது.

"லோட்டியா? ஐயோ லோட்டி! நீ எங்க இருக்க? உன்ன எப்படிக் கூப்பிடறதுன்னே தெரியாம…"

"என்ன ஆச்சு? பெர்னியக் கூப்பிடு."

"பெர்னி இல்ல."

"இல்லன்னா?"

"நேத்து சாயங்காலம் வந்தா, பைய வெச்சா. சூப் குடுத்தேன், ஒரு வாய் குடிச்சா. அந்தப் பையனுக்கு லீவு ரத்தாயிடுச்சாம், வெளிய வர முடியாதாம். கேட்டுக்கு வெளிய நின்னாவது ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன் அத்தைன்னா. ஒம்போது மணிக்குள்ள வந்துடுவேன்னா. ராத்திரி பூரா வாசல்லயே உக்காந்திருந்தேன் லோட்டி. வரல. காலைல கோயிலுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். போலீஸுக்குப் பேசினேன். இந்த வாரம் இப்படி நெறைய பொண்ணுங்கம்மா, வந்துடும்ங்கறான்."

லோட்டியின் கையிலிருந்து காஸ் போனை வாங்கினான். கேட்டான். "வீட்ட விட்டு நகராத" என்று மட்டும் தங்கையிடம் சொல்லிவிட்டு வைத்தான்.

வெர்னன் இருந்த விமானத் தளம் டெட்ராய்ட்டுக்குச் சற்று வடக்கே, வேறொரு ஏரியின் கரையோரமாக இருந்தது. நகரத்தைக் காக்கும் விமானங்கள் அங்கிருந்துதான் எழும்ப வேண்டும். சண்டை வந்தால் முதலில் அதைத்தான் அழிப்பார்கள் என்று பேக்கரியில் ரொட்டி வாங்க வந்த கிழவர்கள்கூடச் சொன்னார்கள்.

காஸ் வெளியே போய் வண்டியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து நின்றான். வாந்தி எடுக்கப் போகிறான் என்று நினைத்து லோட்டி ஓடினாள். அவன் எடுக்கவில்லை. நிமிர்ந்தான்.

"நான் போறேன்."

"நானும் வரேன்."

"நீ இங்க இரு."

"பைத்தியமா உனக்கு? அவள விட்டுட்டு வந்துட்டோம்னு காலைலேருந்து நாந்தானே கத்தறேன்?"

"லோட்டி, யோசி. அவ அங்கேருந்து கெளம்பி இங்க வந்தா? இந்த எடம் அவளுக்குத் தெரியும். சின்னக் கொழந்தையிலேருந்து வர்ற எடம். வந்து பாத்தா டிரெய்லர் பூட்டிக் கெடந்தா என்ன பண்ணுவா?"

"அப்போ நீ இரு. நான் போறேன்."

"அந்த கேட்டுல துப்பாக்கியோட நிக்கற பசங்க நீ கேட்டா பதில் சொல்ல மாட்டானுங்க. நான் மெரீன் படைல இருந்தவன். எனக்குப் பேசத் தெரியும்."

அவன் சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடினான்.  லோட்டி அவனைப் பார்த்தாள். எந்த ஊரிலிருந்து அவளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தானோ, அதே ஊருக்கு இப்போது தனியாகத் திரும்பிப் போகிறேன் என்கிறான்.

"வெர்னனப் பாத்தா சண்டை போடாத."

"மாட்டேன்."

"அவகிட்டயும் கத்தாத. வண்டில ஏத்து, கூட்டிட்டு வா. ஏன் போன, எதுக்குப் போனன்னு ஒண்ணும் கேக்காத."

"கேக்க மாட்டேன்." அவன் வண்டிக்குள் ஏறினான். கண்ணாடியை இறக்கினான். ஏதோ சொல்ல நினைத்தான் போலிருக்கிறது. "கிழங்கு தீஞ்சுபோச்சு. வேற ஏதாவது செஞ்சு சாப்பிடு" என்றான்.

வண்டி நெடுஞ்சாலையில் ஏறித் தெற்கே திரும்பியது. அந்தப் பக்கம் போகும் வண்டி அது ஒன்றுதான். எதிர்த்திசையில், கூரை மேல் மெத்தை கட்டிய கார்கள் வந்துகொண்டிருந்தன.

ஹில்மா அவளைத் தன் பிக்கப்பில் கொண்டுவந்து முகாமில் விட்டாள். "நீ இங்க தனியா எதுக்கு? கடைல இரேன்" என்றாள்.

"அவ இங்கதான் வருவா."

"சரி. வெளக்கு வெக்கற நேரத்துக்கு வந்து பாக்கறேன்."

மதியம் நகரவே இல்லை. லோட்டி தீய்ந்த சட்டியைத் தேய்த்தாள். ஜெபமாலை உருட்டினாள்; பாதியில் எண்ணிக்கை தப்பியது, முதலிலிருந்து தொடங்கினாள். காலையில் பலகைக்கு அடியில் பார்த்த டின்கள் இப்போது அவளுக்கு வேறு மாதிரித் தெரிந்தன. இரவில் தனியாகக் கீழறையில் நின்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருப்பான். அவளிடம் சொல்லாமல், அவளுக்குப் பிடிக்காத மீன் டின் ஒன்றுகூடச் சேர்க்காமல்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நினைத்தாள். நான் ஏன் கேட்கவில்லை என்றும் நினைத்தாள். தூக்கத்தில் அவன் பல் நறநறக்கும் ராத்திரிகள் எத்தனை! புரண்டு படு என்று தோளைத் தட்டிவிட்டுத் தூங்கியவள்தானே அவள்.

கையில் இருந்த சின்ன ரேடியோவில், கியூபாவுக்கு மேலே பறந்த அமெரிக்க விமானம் ஒன்று திரும்பவில்லை என்றார்கள். சுட்டுவிட்டார்களா, விழுந்துவிட்டதா, தெரியவில்லை. ஓட்டியவரின் பெயரைச் சொல்லவில்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒருத்திக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும் என்று லோட்டி நினைத்துக்கொண்டாள்.

விமானங்கள் மறுபடி வந்தன. இந்த முறை அவளும் தரையில் படுத்தாள். படுத்தபடியே, இதே நேரத்துக்கு அவன் எந்த ஊரைத் தாண்டியிருப்பான் என்று கணக்குப் போட்டாள்.

வெயில் மரங்களுக்குக் கீழே இறங்கியபோது முகாம் சாலையில் பிக்கப் சத்தம் கேட்டது. காஸின் வண்டி இல்லை. ஹில்மாவுடையது. ஓட்டுகிறவளுக்குப் பக்கத்தில் இன்னொரு தலை.

வண்டி நிற்பதற்கு முன்பே கதவு திறந்தது.

"மா!"

லோட்டி ஓடியது அவளுக்கே நினைவில்லை. பெர்னியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். அடுத்த நொடி அதே கன்னத்தைத் தன் கழுத்தோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். பெண் பஸ் புகையும் சிகரெட் புகையுமாக நாறினாள். மெல்லிய பள்ளிக்கூட ஸ்வெட்டர் மட்டும்தான் போட்டிருந்தாள்.

"பஸ்ஸ விட்டு என் கடை வாசல்ல எறங்கறா" என்றாள் ஹில்மா. "புழு வாங்க வந்த பொண்ணு மாதிரி இல்லையேன்னு பாத்தேன். மத்தத நீயே சொல்லிக்கோன்னு நான் வாயத் தொறக்கல."

"எங்கடி போன? அத்தை செத்துப் பொழைச்சிருக்கா!"

"அத்தைக்கு காலைல போன் பண்ணேன் மா, யாரும் எடுக்கல. நேத்து கடைசி பஸ் போயிடுச்சு. வெர்னனோட சார்ஜன்ட் வீட்டம்மா அவங்க வீட்ல படுக்க வெச்சாங்க." பெர்னி அழுதுகொண்டே மூச்சு விடாமல் பேசினாள். "பத்து நிமிஷம்தான் பாக்க விட்டாங்க. நடுவுல வேலி. விரல மட்டும் தொட்டுக்கிட்டோம். எப்பவும் ஏதாவது கிண்டல் பண்ணுவான்ல, நேத்து சிரிக்கவே இல்ல. ஊருக்குள்ள இருக்காத, வடக்க போ, உங்கப்பா சொல்றதுதான் சரின்னான். வெர்னன் சொல்றான் மா! அப்பா பேச்சக் கேளுன்னு வெர்னன் சொல்றான்!"

லோட்டி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அதான் விடிஞ்சதும் கெளம்பிட்டேன், ஒரு பஸ்லயும் எடமில்ல, மத்தியானம்தான் ஏற முடிஞ்சுது. அப்பா எங்க? கத்தினாக் கத்தட்டும். நீ ஜெயிச்சுட்ட அப்பான்னு சொல்லணும். எங்க, தூண்டில் போட்டுட்டு உக்காந்திருக்காரா?"

அவள் ஏரிப் பக்கம் திரும்பினாள். கரையில் யாரும் இல்லை. டிரெய்லர் மட்டும் தனியாக, முன் கொக்கி தரையைத் தொட்டபடி நின்றது. அதை இழுத்து வந்த வண்டி நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு சக்கரத் தடங்கள்தான் இருந்தன. பெர்னியின் பார்வை அந்தத் தடங்களின் வழியே சாலை வரை போய்த் திரும்பியது.

"மா. அப்பா எங்க?"

"உன்னத் தேடிப் போயிருக்கார்."

"எங்க? அத்தை வீட்டுக்கா?"

"அந்த கேட்டுக்கு."

பெர்னியின் முகத்தில் இருந்த நிறமெல்லாம் வடிந்தது.

"என்னடி?"

"இன்னிக்கு அங்க யாரும் நிக்கக் கூடாது மா. சார்ஜன்ட் வீட்டம்மா சொன்னாங்க. வேலிப் பக்கம் சுத்தறவங்கள, கேள்வி கேக்கறவங்கள, உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சுடறாங்களாம். யாரு என்னன்னு விசாரிச்சு முடிக்கற வரைக்கும் வெளிய விடறதில்லையாம். ரெண்டு நாள் கூட ஆகுமாம்."

காஸ் கேள்வி கேட்பான். பதில் வரவில்லையென்றால் நகராமல் நிற்பான். அது லோட்டிக்கு நன்றாகத் தெரியும்.

"ஹில்மா…"

"போய்ட்டேன்" என்றாள் ஹில்மா, ஏற்கெனவே வண்டிக்குள் ஏறியிருந்தாள். "அவர் தங்கச்சி நம்பரக் குடு. காஸ் அங்க வந்தா, பொண்ணு இங்க வந்தாச்சுன்னு சொல்லச் சொல்றேன். லைன் கெடைக்கற வரைக்கும் அந்தப் போன வெக்க மாட்டேன்."

பிக்கப்பின் சத்தம் தேய்ந்து அடங்கியது. லோட்டி மகளின் தோளில் கம்பளியைப் போர்த்தினாள். இருவரும் டிரெய்லரின் படியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெர்னியின் பற்கள் தந்தியடித்தன.

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மா? அவர் எதுக்கும் பயப்படாதவராச்சே."

லோட்டி மகளின் கையை எடுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"உங்கப்பாவப் பத்தி உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல வெளிச்சம் போனது. ஏரி அவர்களின் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. தாயும் மகளும் தெற்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. குண்டு விழுந்தால்தான் அங்கே வெளிச்சம் தெரியும்; அது அப்படியே இருட்டாக இருந்துவிட வேண்டுமென்று லோட்டி வேண்டிக்கொண்டாள்.